தராசின் காது

என் பேத்திக்கு விமானப் பணிப்பெண் வேலை கிடைக்காமல் போனதற்கு அவளுடைய உடம்பு காரணமில்லை. நான்தான் காரணம். இதை வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு விமானக் கம்பெனியிடமும் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். எழுதியும் வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

நான் வேதியியல் படித்தவன். கீழ்வேளூர் பக்கம் ஓர் அரிசி ஆலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். வருகிற நெல்லின் ஈரப்பதம் பார்ப்பது, மூட்டை எடையைச் சரிபார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போடுவது, இவைதான் என் வேலை. நான் ஓய்வு பெற்ற சமயத்தில் ஆலைக்கு மின்னணுத் தராசு வந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சால்வையும் கடிகாரமும் கொடுத்து அனுப்பியவர்கள் எனக்குப் பழைய இரும்புத் தராசைக் கொடுத்தார்கள். மேலே மூட்டையை ஏற்றி, தண்டில் குண்டை நகர்த்தி நிறுப்பது. முன்னூறு கிலோ வரை தாங்கும். நாலு பேர் தூக்கி வந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பத்து வருஷம் அதன்மேல் பழைய நாளிதழ்கள்தான் இருந்தன.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், பள்ளி ஆசிரியையான என் மகள், அவளுடைய பெண். மருமகன் மஸ்கட்டில் இருக்கிறார். மகள் எட்டரைக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வருவாள். அதுவரை வீட்டில் நானும் பேத்தியும்தான். அவள் திருவாரூரில் கல்லூரியை முடித்துவிட்டு ஒரு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எனக்கு நாளிதழைப் படித்துக் காட்டுவாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு தொடங்கிய பழக்கம். கண் எப்போதோ சரியாகிவிட்டது. நான் சொல்லவில்லை.

அவளுக்கு விமானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. கம்பெனிக்காரர்கள் கேட்பதை ஒருநாள் போனில் பார்த்து வாசித்தாள். உயரத்துக்கு ஏற்ற எடை வேண்டும். பருவில்லாத முகம், வரிசையான பல் வேண்டும். வெளியே தெரிகிற தழும்பு கூடாது.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் அவளையே பார்க்க ஆரம்பித்தோம். முகத்துக்குக் கடலை மாவு, தயிர், பப்பாளி என்று என் மகள் ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்தாள். சாப்பிடுகிற பப்பாளியைவிடப் பூசுகிற பப்பாளி அதிகமாகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே சைக்கிளிலிருந்து வாய்க்கால் மதகில் விழுந்த தழும்பு ஒன்று உண்டு. அது எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்று கண்டுபிடிப்பதற்காக, வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் வாசற்படியில் நிறுத்தி, "அங்கேருந்து பாத்தா தெரியுதா சொல்லுங்க" என்று மகள் கேட்டாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவரும் தப்பவில்லை. அவர் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே யோசித்து, "எனக்குத் தெரியலம்மா, ஆனா எனக்குக் கிட்டப் பார்வைதான் சரியா இருக்கும்" என்றார்.

எடைதான் பெரிய பிரச்சினை. அவள் உயரத்துக்கு ஐம்பத்தைந்து கிலோ இருக்கலாம். ஆன்லைனில் வாங்கிய கண்ணாடி மெஷின் அடுக்களையில் அறுபது காட்டியது, கூடத்தில் அறுபத்திரண்டு. எங்கள் வீட்டுத் தரை அப்படி. அவள் அடுக்களையே சரி என்றாள். நான் இரும்புத் தராசின்மேல் இருந்த நாளிதழ்களை அகற்றித் துடைத்து எண்ணெய் போட்டேன். ஆலையிலிருந்து இருபது கிலோ படிக்கல் மூன்றைக் கேட்டு வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். அறுபதைக் காட்டி இம்மியும் நகராமல் நின்றது. பிறகு பேத்தியை ஏற்றினேன். அறுபத்தொரு கிலோ நானூறு. கண்ணாடி மெஷின் பரணுக்குப் போனது. அன்று தராசு நேர்மையாகத்தான் இருந்தது.

தினமும் காலை ஆறு மணிக்கு அவள் ஏறி நிற்பாள். நான் குண்டை நகர்த்தி எடையை உரக்கச் சொல்வேன். மகள் அதைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்வாள். ஆலையில் மூட்டையை நிறுத்தால் சாக்கின் எடையைக் கழிப்போம். அந்தப் பழக்கத்தில் நைட்டிக்கு இருநூறு கிராம் கழித்தேன். தலைக்குக் குளித்த நாட்களில் ஈரத்துக்கு என்று தனியாகக் கழித்தேன். "தாத்தா, நான் என்ன நெல்லா?" என்று கேட்டாள். ஆனால் கழிவு வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாலு பக்கமும் வயல் உள்ள ஊரில் ஒரு பெண் சோற்றை நிறுத்தினால் அது தெருவுக்கே தெரிந்துவிடும். வெள்ளரிக்காயும் கொள்ளும் தின்று இரண்டு மாதத்தில் ஐம்பத்தெட்டுக்கு வந்தாள். அதற்கு மேல் இறங்கவில்லை. ஒருநாள் துணி காயப்போடும்போது மயங்கிக் கொடிக்கயிற்றோடு கீழே விழுந்தாள். நான் போய்த் தூக்கினேன். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்டது, "இப்ப நிறுத்துப் பாக்கலாமா தாத்தா?"

நான் செய்த காரியம் அதற்கு மறுநாள் தொடங்கியது.

தராசுத் தண்டின் முனையில் ஒரு சிறிய திருகு இருக்கும். மேலே எதுவும் இல்லாதபோது தண்டு சமமாக நிற்பதற்காக வைத்தது. ஆலையில் அதற்குக் காது என்று பெயர். காதை உள்பக்கம் திருகினால் மூட்டை குறைவாகக் காட்டும், வெளிப்பக்கம் திருகினால் கூடுதலாகக் காட்டும். நெல் உள்ளே வருகிறபோது ஒரு பக்கமும் அரிசி வெளியே போகிறபோது மறுபக்கமும் திருகுவது வழக்கம். திருகச் சொன்னவர்கள் வேறு. திருகியது என் கை. விவசாயிகள் யாராவது சந்தேகப்பட்டால், "மெஷின் பொய் சொல்லாதுங்க" என்பேன். படித்தவன் சொன்னதால் போய்விடுவார்கள்.

பேத்தி குளிக்கப் போயிருந்தபோது காதைக் கொஞ்சம் உள்பக்கம் திருகினேன். மறுநாள் அரை கிலோ குறைந்தது. ஒரே நாளில் மூன்று கிலோ குறைந்தால் சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரியும். அது தொழில் அனுபவம். ஒன்றிரண்டு நாள் விட்டு விட்டுத் திருகினேன். நடுவில் ஒருநாள் நூறு கிராம் ஏறுவதுபோலவும் வைத்தேன், நம்பும்படி இருக்கட்டும் என்று. இரண்டு வாரத்தில் ஐம்பத்தைந்து வந்துவிட்டது. அவள் தராசிலிருந்து இறங்கி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

என் மகள் நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். மூன்று பேரும் பஸ் பிடித்துப் போய் சர்க்கரை வைத்துவிட்டு வந்தோம். திரும்புகிற வழியில் கடையில் இறால் வைத்துச் சுட்ட வாடா வாசனை வந்தது. பேத்தி என்னைப் பார்த்தாள். "ரெண்டு கிராம்தான் ஏறும், சாப்பிடு" என்று நானே வாங்கிக் கொடுத்தேன். மூன்று சாப்பிட்டாள். வீட்டில் மறுபடி சோறு வடித்தோம். அவள் முகத்துக்குத் தெளிவு வந்தது. காலையில் தராசு ஐம்பத்தைந்திலேயே நின்றது. நிற்கும்படி நான் பார்த்துக்கொண்டேன்.

நேர்காணல் திருச்சியில் ஒரு ஓட்டலில். மகளுக்கு லீவு கிடைக்காததால் நான் துணைக்குப் போனேன். நூறு பெண்களாவது இருப்பார்கள். எடை பார்க்கிற வரிசையில் நிற்கும்போதே சிலர் தோட்டையும் கைக்கடிகாரத்தையும் கழற்றித் தாயிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். அந்தக் கட்டடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"தாத்தா, உள்ள வாங்க. இவங்க மெஷின் நாலு கிலோ கூட காட்டுது. நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பாங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எழுந்து உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் கோட்டு போட்ட ஒருவரும் ஓர் அம்மாளும் இருந்தார்கள். தரையில் கண்ணாடி மெஷின். நான் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"இதுல அரசாங்க முத்திரை இல்லையே" என்றேன்.

"சார், இது சும்மா வெயிட் பாக்கற மெஷின் சார்" என்றார் அந்த அம்மாள்.

"எடை பாக்கற எதுக்கும் முத்திரை வேணும்மா. எங்க வீட்டு மெஷின் முன்னூறு கிலோ தாங்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை. வாய் பழகிவிட்டது. கோட்டுக்காரர் என்னைச் சமாதானப்படுத்துவதற்காகத் தானே ஏறி நின்றார். எழுபத்தொன்பது காட்டியது. "நான் எழுபத்தாறுதானே" என்றார் மெல்ல. "பாத்தீங்களா" என்றாள் பேத்தி. வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஐம்பத்தாறு காட்டிய ஒரு பெண் தன்னையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றாள். அப்போது அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். தினமும் வீட்டில் பார்க்கிற எடையே கிராம் மாறாமல் வந்தது என்றார். கோட்டுக்காரர் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் பேத்தியின் விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். பேத்தி அதைத் தலைகீழாகவே படித்துவிட்டாள். வாக்குவாதம் செய்பவர் என்று அர்த்தம். எடை மட்டும் கூடியிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரலாமாம். இப்படி எழுதிவிட்டால் அந்தக் கம்பெனிக்குத் திரும்பப் போக முடியாது.

பஸ்ஸில் தஞ்சாவூர் வரை அவள் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். புதுப் பேருந்து நிலையத்தில் வண்டி நின்றபோது தெளிவான முகத்தோடு என் பக்கம் திரும்பினாள். முத்திரை போடும் ஆய்வாளரை வீட்டுக்கு வரவழைத்து, நம் தராசு சரி என்று எழுதி வாங்கி, கம்பெனிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாள். யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று போனில் பார்த்தும் வைத்திருந்தாள். நான் டீ வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போய், வாங்காமல் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்து பேத்தி என் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மனு எழுத உட்கார்ந்தாள். நான் அவள் எதிரே போய் நின்றேன்.

"மனு வேண்டாம்மா. காதைத் திருகிட்டேன்."

"யார் காதை?"

தராசைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. மகளுக்கும் புரியவில்லை. திருகைத் தொட்டுக் காட்டி, எந்த நாளில் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மகள் காலண்டரைக் கழற்றி எடுத்து வந்து தேதிவாரியாக ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பேத்தி முதலில் சிரித்தாள், நூறு கிராம் ஏறிய நாளைச் சொன்னபோது. அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. மத்தியானங்களில் நானே நாளிதழைப் படித்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு, "கண்ணும் நல்லாத்தான் இருக்குதா?" என்று மகளிடம் கேட்டாளாம்.

பன்னிரண்டாம் நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "கம்பெனிக்கு நீங்க எழுதுங்க. நான் டைப் பண்ணி அனுப்பறேன்."

இரண்டு பக்கம் எழுதினேன். என் படிப்பு, என் அனுபவம், அவள் மயங்கி விழுந்தது, பாசத்தினால் அறிவிழந்து இவ்வாறு செய்துவிட்டேன் என்பது. அவள் பேனாவோடு உட்கார்ந்து அடித்துக்கொண்டே வந்தாள். முதல் பக்கம் முழுதும் போனது. பாசத்தினால் என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றாள்.

"பாசம்னா, நான் மயங்கி விழுந்ததும் சாப்பிடு, இந்த வேலை வேணாம்னு சொல்லியிருப்பீங்க. இல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பீங்க. திருச்சியில வேற மெஷின் இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா தாத்தா?"

தெரியும் என்றேன்.

அந்தச் சொல்லையும் அடித்தாள். "அப்ப எதுக்குன்னு எழுதுங்க."

எழுத நேரமாயிற்று. அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கடிதத்தில் மூன்று வரிகள்தான் மிஞ்சின. தராசை மாற்றி வைத்தவன் நான். என் பேத்தி என்னை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகச் செய்தேன். அவள் சொன்னது அவளுக்குத் தெரிந்த உண்மை, அது வாக்குவாதம் ஆகாது. படித்துப் பார்த்துவிட்டு, "தேதி போடுங்க" என்றாள்.

அனுப்பிய மறுநிமிஷமே பதில் வந்தது. எங்கள் சேவை குறித்த உங்கள் கருத்துக்கு நன்றி, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். வேறு பதில் வரவில்லை.

இப்போது வேறொரு கம்பெனி சென்னையில் ஆள் எடுக்கிறது. மூன்று வேளையும் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள், சாயங்காலம் ரயில்வே கேட் வரை நடந்துவிட்டு வருகிறாள். எடையை எங்கே பார்க்கிறாள் என்று தெரியாது. எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. திங்கட்கிழமை நேர்காணல். துணைக்கு நான் வரட்டுமா என்று நேற்றுக் கேட்டேன்.

"வேணாம் தாத்தா. நீங்க வந்தா ஏதாவது சொல்லுவீங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அம்மாவோடு போகிறாள். லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.