அக்கா பெயரில் போன மின்னஞ்சல்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் அக்கா திருமணத் தகவல் மையம் நடத்திவந்தார். உடன்பிறந்தவர் அல்ல, என் முதலாளி. வாசல் பலகையில் அவர் பெயரைவிட இணையதளத்தின் பெயர் பெரிதாக இருக்கும். அந்தத் தளத்தை அமைத்தவன் நான்.

தளத்தின் பெயரைப் பதிவு செய்வது ஒரு வேலை, பக்கங்களை வைக்க இணையத்தில் இடம் வாங்குவது வேறொரு வேலை. பெயரை அக்காவின் சொந்தக் கணக்கில் தனியாகப் பதிந்திருக்கலாம். “எல்லாத்தையும் ஒருத்தன்கிட்டயே குடுக்கணுமா அப்பு?” என்று அவரே கேட்டார். “ஒரே எடத்துல இருந்தா சுளுவுக்கா” என்றேன். இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கினேன். எனக்கு ஒரே கடவுச்சொல்லோடு வேலை முடிந்தது.

நான்காம் ஆண்டில் அந்த நிறுவனம் சொல்லாமல் மூடிப்போனது. தளம் திறக்கவில்லை. பக்கங்களின் நகல் என்னிடம் இருந்தது, வேறிடத்தில் ஒரே நாளில் ஏற்றிவிடலாம். ஆனால் பெயர் அவர்கள் கணக்கில் மாட்டிக்கொண்டது. புதுப்பிக்க வழியில்லாமல் கெடு முடிய, யாரோ அதை வாங்கிவிட்டார்கள்.

ஒரு காலையில் தளம் திறந்தது. எங்கள் பக்கங்களேதான். தொலைபேசி எண் மட்டும் வேறு.

“சரி பண்ணிட்டியா?” என்றார் அக்கா.

“நான் இல்லக்கா. பேர வாங்குனவன் வேலை. இனி நம்ம மெயிலுக்கு யாரு எழுதுனாலும் அவனுக்குத்தான் போகும், அவனும் உங்க பேர்லயே எழுதலாம்.”

அவர் வாடிக்கையாளர் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடத் தொடங்கினார்.

போலீசில் புகார் கொடுத்தோம். பலரின் எண்கள் மாறியிருந்தன. அக்கா பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக எச்சரிக்கக் கிளம்பினார், நானும் போனேன். சித்தையன்கோட்டையில் நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். பாலசமுத்திரத்தில் ஒரு பெண்ணின் தாய் மோர் கொடுத்தபடி சொன்னார்: “ஏனுங்க, நேத்துத்தான உங்க மெயிலு வந்துச்சு? புள்ளையோட போட்டோ, கோயமுத்தூர் ஹாஸ்டல் அட்ரஸ் எல்லாம் அனுப்பிட்டமுங்க. மாப்பிள்ளை வீட்டாளு இன்னிக்கு அவளைப் பாக்க வர்றாருன்னு எழுதியிருந்தீங்களே.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். “புள்ளைக்குப் போன் போடுங்க.”

முதல்முறை எடுக்கவில்லை. இரண்டாம்முறையும். மூன்றாவதில் எடுத்தாள். விடுதி வாசலில் ஒருவர் வந்து அவளைக் கேட்டாராம், விடுதிக் காப்பாளர் அனுப்ப மறுத்திருக்கிறார். ஆள் இன்னும் தெருவில் நிற்கிறாராம். தகப்பனார் காரை எடுத்தார். அன்று மாலையே பெண் வீடு வந்து சேர்ந்தாள்.

தளத்தின் பெயர் எங்களுக்குத் திரும்பவேயில்லை. அக்கா என்னை ஒரு சொல்லும் திட்டவில்லை. அன்று திரும்பும் பேருந்தில் பதிவேட்டை என் மடியில் வைத்து, “இன்னும் எத்தனை வீடு இருக்கு, எண்ணு” என்றார்.

ஒட்டன்சத்திரம் வந்தும் நான் எண்ணி முடிக்கவில்லை.