மாமா எண்ணெய் போட்ட வண்டி

புது வண்டிக்கென்று ஒரு மணம் உண்டு. சீட்டுத் துணி, பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் கலந்து, அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் குப்பென்று வருமே, அந்த மணம். என் வண்டியில் அது ஒரு வாரம்தான் நின்றது. அதற்குப் பிறகு வந்தது சாளை மீன் எண்ணெயின் நாற்றம். இத்தனை தடவை கழுவிய பிறகும், மழை நாளில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டால் எங்கோ ஒரு மூலையிலிருந்து அது லேசாக எட்டிப் பார்க்கும். யாராவது மூக்கைச் சுளித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. என் வண்டியை நான் குறை சொல்லலாம், அடுத்தவர் சொல்லக் கூடாது.

நான் வண்டியை நன்றாக ஓட்டுவேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்து போகும் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் அலுவலகம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். கன்டெய்னர் லாரிகளும் நிலக்கரி லாரிகளும் முட்டிமோதுகிற சாலையில் தினமும் போய் வந்தால் ஓட்டுகிற கை தானாக நிதானப்பட்டுவிடும். என் கணவர் கப்பலில் என்ஜினியர். வருடத்தில் பாதி நாள் அவர் ஏதோ ஒரு கடலில் இருப்பார். ஆகவே எங்கள் வீட்டில் வண்டி என்றால் அது என் வண்டி. பழையதைக் கொடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்குகிறேன் என்று போனில் சொன்னபோது, “கலர மட்டும் வெள்ளையா எடு, உப்புத் தூசி தெரியாது” என்றார். அவர் சொன்ன யோசனை அது ஒன்றுதான். அதையும் நான் முன்பே முடிவு செய்திருந்தேன்.

முதல் நாள் ஓட்டியதும் மனதில் பதிந்தது உயரம்தான். பழைய வண்டியிலிருந்து பார்த்தால் உப்பளத்துக் கரையும் அதன் மேல் கிடக்கும் முட்செடியும்தான் தெரியும். இதில் உட்கார்ந்தால் கரைக்கு அப்பால் பாத்திகளும், ஓலை மூடிய உப்புக் குவியல்களும், அவற்றுக்கும் அப்பால் துறைமுகத்துப் பளுதூக்கிகளும் ஒரே பார்வையில் விரிகின்றன. இத்தனை வருடம் போய் வந்த சாலையை முதல்முறை பார்ப்பதுபோல் இருந்தது. லாரிக்காரர்கள் எனக்கு வழிவிடும் விதமே மாறிவிட்டது. ஸ்டியரிங் பூப்போல் திரும்புகிறது. பின்னால் எடுக்கும்போது திரையில் தெருநாயின் வால் வரைக்கும் தெரிகிறது. குறை இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் இதைத் திருப்புவதற்குள் எதிர்வீட்டு மோட்டார் சைக்கிளை ஒருவர் நகர்த்த வேண்டியிருக்கிறது. டீசலைத் தண்ணீர்போல் குடிக்கிறது. எதற்கெடுத்தாலும் கீக்கீ என்று கத்துகிறது. ஆனாலும் முதல் வாரம் அலுவலகத்துக்குப் போக எனக்குக் காரணமே தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது வேலை வராதா என்றிருந்தது.

இத்தனையும் சொன்னேனே தவிர, இந்த வண்டியை வாங்கிய உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. என் மாமனார் இதில் ஏற வேண்டும். அதற்காகத்தான் வாங்கினேன்.

மாமா தோணியில் தண்டலாக இருந்தவர். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ அப்படித் தோணிக்குத் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டு போய் வந்த மனிதர். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் உத்தரவு போலத்தான் இருக்கும். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில் அக்கம்பக்கத்தில் என்னென்னவோ பேசினார்கள். மாமா ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லது என்றும் சொன்னதில்லை.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, நெஞ்சுவலி வந்த மதியம் வீட்டில் நானும் மாமாவும்தான் இருந்தோம். இங்குள்ள டாக்டர் பார்த்துவிட்டு உடனே பாளையங்கோட்டையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். காத்திருக்க முடியாமல் என் வண்டியிலேயே ஏற்றினோம். பின்சீட்டில் மாமா உட்கார, அவர் மடியில் அத்தை தலைசாய்த்துப் படுத்துக்கொண்டாள். முன்னால் வரிசையாக லாரிகள். வேகமாகப் போனால் குலுங்குமே என்று பயம், மெதுவாகப் போனால் நேரமாகுமே என்று பயம். வாகைக்குளம் தாண்டி, வல்லநாட்டுப் பாலத்தை நெருங்கும்போது பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. “திருப்பிரும்மா.” அவ்வளவுதான் சொன்னார். அத்தை போய்விட்டாள் என்று எனக்குப் புரிந்தது. ஓரமாக நிறுத்தக்கூட இல்லை. திருப்பிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மாமா அந்த வண்டியில் ஏறவே இல்லை. மாதா கோயில் பூசைக்குப் போக ஆட்டோ, மாப்பிள்ளையூரணியில் அவர் தங்கச்சி வீட்டுக்குப் போக டவுன் பஸ். நான் சாவியை எடுத்தாலே அவருக்கு ஏதாவது சாக்கு வந்துவிடும். “கால் மடங்கலம்மா.” “கூரை தலையில இடிக்கி.” “நீ போ, நான் மெல்ல நடந்து வாரேன்.” கடுமையாக ஒரு சொல் கிடையாது. அதுதான் என்னைத் தின்றது. நான் மெதுவாகப் போய்விட்டேன் என்று நினைக்கிறாரா? வேறு யாராவது ஓட்டியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று நினைக்கிறாரா? கேட்டுவிடலாம்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் எப்படிச் சோறு போட்டுச் சாப்பிடுவது? சில வருடங்கள் இப்படியே ஓடின. கடைசியில் ஒரு நாள், சாக்குகளுக்கெல்லாம் இடமில்லாத ஒரு வண்டியை வாங்குவது என்று முடிவு செய்தேன். கால் நீட்ட இடம் இருக்கவேண்டும், கூரை உயரமாக இருக்கவேண்டும், அந்தப் பழைய பின்சீட்டு கண்ணில் படவே கூடாது. கடைக்காரர் என்னென்னவோ வசதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் முன்கதவைத் திறந்து, மாமா உயரத்துக்கு ஒருவர் குனியாமல் ஏற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி வந்தது. மாமா வெளியே வந்து சுற்றிப் பார்த்தார். பானெட்டை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். “உசரமா இருக்கே” என்றார். மறுநாளே ஏறுவதற்குப் படி வைத்தேன். “சாமியார் மந்திரிக்கட்டும்” என்றார். சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அன்றைக்காவது ஏறுவார் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். “பிளாஸ்டிக் வாடை அடிக்கி, தல சுத்தும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இவ்வளவு செலவழித்து வாங்கியும் மனிதர் பிடி கொடுக்கவில்லையே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அடுத்த வாரம் ஒரு நாள் புது வண்டி வெயிலில் காயுமே என்று அதை வீட்டில் விட்டுவிட்டு அலுவலக வேனில் போனேன். மறுநாள் காலை திருப்பூரிலிருந்து வந்த ஏற்றுமதிக்காரர் ஒருவரை விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வருகிறேன். ஏ.சி.யைப் போட்டதும் கருவாட்டுக் கிடங்குக்குள் புகுந்ததுபோல் ஒரு நாற்றம். அந்த மனிதர் நாகரிகமானவர். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “மேடம், இங்க பக்கத்துல மீன் கம்பெனி இருக்குங்களா?” என்று கேட்டார். நானும் ஆமாம் என்று சொல்லி வைத்தேன். துறைமுக வாசலில் காவலர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை டிக்கியைத் திறந்து பார்த்தார். அலுவலகத்தின் முன் நிறுத்தியதும் ஊரிலுள்ள பூனைகளெல்லாம் என் வண்டிக்கடியில் மாநாடு கூட்டிவிட்டன. பின்னால் எடுக்கப் போனால் திரையில் ஒன்றும் தெரியவில்லை. கேமராவில் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. சர்வீஸில் வண்டியைத் தூக்கிப் பார்த்தவர்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் என்னைக் கூப்பிட்டார்கள். அடிப்பக்கம் முழுக்க, கை எட்டிய இடமெல்லாம், மீன் எண்ணெய். ரப்பர் பாகங்கள் ஊறிக் கெட்டுவிடும், உடனே கழுவ வேண்டும் என்றார்கள்.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். எங்கள் கடற்கரையில் மர வள்ளத்துக்கும் தோணிக்கும் பூசுகிற எண்ணெய் அது. கடல் கொந்தளிக்கிற மாதங்களில் தோணியைக் கரையில் ஏற்றி, உப்பும் புழுவும் அரிக்காமலிருக்க அடிமுதல் தேய்ப்பார்கள். தோணி கட்டுகிற பட்டறையில் மாமாவுக்குத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேனோடு போய் வாங்கி வந்திருக்கிறார். நான் இல்லாத மதியத்தில் சாக்கை விரித்து, இந்த வயதில், வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துப் பூசியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்தேன். “மாமா, இது என்ன வேல? இது மரமா? இரும்பு மாமா, இரும்பு!”

“இரும்பத்தான் உப்புக் காத்து மொதல்ல திங்கும்” என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அதுக்குக் கம்பெனியிலேயே பூச்சு போட்டுத்தான் தாராங்க. நீங்க போட்டது ரப்பரத் திங்குது. வண்டி பூரா நாறுது. வந்த ஆளு இங்கன மீன் கம்பெனியான்னு கேக்கான்.”

“மீனு நாத்தம் நாறுனா என்ன? நாம தின்னு வளந்ததுதான.”

எனக்குத் தாங்கவில்லை. அத்தனை வருடமும் அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது. “ஏங்கூட ஏற மாட்டேன்னுதான ஆட்டோவுலயும் பஸ்ஸுலயும் போறீங்க? உள்ள வந்து உக்காரச் சொன்னா ஆயிரம் சாக்கு. அடியில மட்டும் எதுக்குப் போய்ப் படுத்தீங்க?”

மாமா பேப்பரை மடித்தார். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு, “எங்கையால எண்ணெ போடாம நான் எந்தத் தோணியிலயும் ஏறுனதில்லம்மா” என்றார்.

கூலிக்கு ஆள் இருந்தாலும் தோணிக்கு முதல் எண்ணெய் தண்டலின் கையாலேயே விழவேண்டும் என்பது மாமாவின் வழக்கம். அத்தை எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி குளித்துவிட்டுப் போய் எண்ணெயில் கை வைப்பார் என்பாள். ஏறாமலிருப்பதற்கு வழி தேடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர் ஏறுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கோவித்துக்கொள்வாரோ என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். அங்கே போனால் கண்ணில் தண்ணீர் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்து பார்க்கிறேன், வெள்ளை வேட்டியும் கஞ்சி போட்ட சட்டையுமாக மாமா வண்டிப் பக்கத்தில் நிற்கிறார். பின்கதவுப் பக்கம் அல்ல, முன்கதவுப் பக்கம். “பாளையங்கோட்டை வரைக்கும் போயிட்டு வருவமா?” என்றார். அங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. படியில் ஒரு கால் வைத்து, மேல் கைப்பிடியைப் பற்றி, தோணியில் ஏறுகிறவர் போல் ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தார். கால் நன்றாகவே மடங்கியது. கிளம்பியதும் வண்டி கீக்கீ என்று கத்த ஆரம்பித்தது. “யாரு கூப்புடுதா?” என்றார். பெல்ட் போடச் சொல்கிறது என்றேன். “நம்மளயே அதட்டுதா இது?” என்று முனகிக்கொண்டே போட்டுக்கொண்டார்.

உப்பளம் தாண்டும்வரை ஏதேதோ பேசினார். ஏ.சி. காற்று முகத்தில் அடிக்கிறது, திருப்பிவிடு என்றார். லாரிக்காரன் ஒருவனைத் திட்டினார். வாகைக்குளம் தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. வல்லநாட்டுப் பாலம் வந்தது. கீழே தாமிரபரணியில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தைக் கடந்தோம். அன்றைக்கு நாங்கள் கடக்காமல் திரும்பிய பாலம் அது. பாளையங்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே வண்டியை ஓரம் கட்டினேன். மாமா கண்ணாடியை இறக்கி உற்றுப் பார்த்தார். ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

“இங்கனதானா?”

“ஆமா மாமா.”

பெருமூச்சு விட்டார். இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றச் சொன்னார். ஏற்றிய பிறகு, முன்னால் சாலையைப் பார்த்தபடியே பேசினார். “அன்னைக்கு வாகைக்குளம் தாண்டையில அவ கண்ணத் தொறந்தா. ‘நம்ம பிள்ள எப்படி ஓட்டுதா பாத்தீயளா, ஒரு குலுக்கமில்லாம’ன்னா. அதுதான் கடைசியாப் பேசுனது.”

“இத ஏன் மாமா இத்தன நாளாச் சொல்லல?”

“வீட்டுல வச்சுச் சொல்ற பேச்சா அது? ஒம்பக்கத்துல வண்டியில உக்காந்து சொல்லணும்னு இருந்தேன். அந்த வண்டியில ஏற எனக்கு மனசு வரலம்மா. அவ படுத்திருந்த எடம் முதுகுக்குப் பின்னால கெடக்கும்லா.”

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். மாமா பார்க்காததுபோல் திரையில் இருந்த எதையோ தொட்டு, பாட்டு ஒன்று அலறி, அதை நிறுத்தத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். நிறுத்திக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஓட்டுகிறவளுக்குச் சாலை தெரிய வேண்டுமல்லவா?

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. ஊருக்குள் நுழைகையில், “மாமா, டீ குடிப்பமா?” என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால் முன்சீட்டில் தலை ஒரு பக்கம் சாய, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கம். வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஆனால் அணைக்கவில்லை. அணைத்தால் ஏ.சி. நின்று விழித்துக்கொள்வார். மீன் எண்ணெய் வாடை மெல்ல வந்துகொண்டிருந்தது. மாமா தானாகக் கண் விழிக்கும்வரை ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.