பீரங்கியின் நீளம்

எங்கள் தலைமை உபாத்தியாயருக்கு வெள்ளைக்காரன் எவனைக் கண்டாலும் கை தானாக மாலையைத் தேடும். பாளையங்கோட்டையில் அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வேலை பார்த்த ஏழு வருஷத்தில், வந்த துரைமார் அத்தனை பேருக்கும் அவர் மாலை போட்டார், எலுமிச்சம்பழம் கொடுத்தார், வாழ்த்துப் பத்திரம் வாசித்தார். ஒரு தடவை துரைக்கு முன்னால் துரையின் குதிரை மட்டும் வந்து சேர்ந்தது. அதன் கழுத்தையும் அவர் ஒரு மாதிரியாகப் பார்த்ததை நான் கவனித்தேன்.

தூத்துக்குடிக் கடலில் பழைய போர்க்கப்பல் ஒன்று வந்து நிற்கிறது, பொதுஜனங்கள் ஏறிப் பார்க்கலாம் என்று செய்தி வந்ததும் மனிதருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உபாத்தியாயர்களில் எங்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தார். சண்டைக்கு உதவாமல் போன கிழட்டுக் கப்பல் அது. சாயம் பூசி, பித்தளையைத் துலக்கி, துறைமுகம் துறைமுகமாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். கிழட்டு யானையைத் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு வருவார்களே, அந்தக் கதைதான். யானையாவது தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்யும்.

நான் ஒன்றும் லேசுப்பட்டவன் அல்ல. இங்கிலீஷும் பூகோளமும் சொல்லிக் கொடுத்தவன். கப்பல் அதிகாரியிடம் கேட்பதற்கென்று மூன்று கேள்விகளை இங்கிலீஷில் எழுதி, ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று நெட்டுருப் போட்டேன். கூட வந்த மற்ற மூன்று உபாத்தியாயர்களுக்கும் 'எஸ் சார்' தவிர வேறு வார்த்தை வாயில் வராது. அதில் எனக்குப் பரம திருப்தி.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை வண்டியேறி, மணியாச்சியில் வண்டி மாறி, தூத்துக்குடி போய்ச் சேர்ந்தோம். செவ்வந்தி மாலையை ஈர வாழையிலையில் சுற்றி என் மடியில் வைத்திருந்தார் தலைமை உபாத்தியாயர். இறங்கும்போது என் வேட்டி முழுக்க நனைந்திருந்தது. "மாலை வாடலையே வே, அதைப் பாரும்" என்றார்.

அங்கே கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். தோணியில் போக வேண்டும். எங்களை ஏற்றிக்கொண்ட தோணிக்காரர் நாற்பது வயதுக்காரர், கழுத்தில் சிலுவை போட்ட கத்தோலிக்கர். அரை மணி நேரத்தில் நான் வாந்தியெடுக்க ஆரம்பித்தேன். தலைமை உபாத்தியாயர் மாலையை என்னிடமிருந்து காப்பாற்றி எடுத்துக்கொண்டார். தோணிக்காரர்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கடல் தண்ணீரை அள்ளி என் கோட்டைக் கழுவிவிட்டார். நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கையில் மீன் நாற்றம் என்றுதான் தோன்றியது.

நான் கொஞ்சம் தெளிந்ததும் அவர் கேட்டார்.

"ஐயா இங்கிலீசு பேசுவியளா?"

"அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றேன்.

"அப்பம் ஒரு காரியம் கேட்டுச் சொல்லணும். என் தம்பி கொழும்புக்குப் போயி, அங்கன இருந்து வெள்ளக்காரன் கப்பல்ல கரி அள்ளிப் போடுத வேலைக்குப் போனான். பதினாலு மாசமாக் கடுதாசி இல்ல. செத்துட்டான்னு ஒருத்தன் சொல்லுதான். இருக்கான்னு ஒருத்தன் சொல்லுதான். அடுத்த மாசம் ஆத்துமாக்க திருநா வருது. செத்திருந்தா அவனுக்குப் பூசை குடுக்கணும். குடுக்கலன்னா உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து வேவான். உசுரோட இருக்கவனுக்குக் குடுத்துட்டா அது அவனுக்கே கேடுல்லா? எங்க அம்மை தெனமும் அழுதுக்கிட்டுக் கெடக்கா. இந்தத் தொரைமாருட்ட ஒரு வார்த்த கேட்டாப் போதும்யா. கப்பக்காரனுக்குக் கப்பக்காரனத் தெரியாமலா இருக்கும்?"

இடுப்பிலிருந்து ஒரு சுருட்டு டப்பாவை எடுத்துத் திறந்து, துண்டுச் சீட்டு ஒன்றை நீட்டினார். தம்பி வேலை பார்த்த கப்பலின் பெயரை யாரோ குமாஸ்தா இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தான். கேட்டுச் சொல்கிறேன் என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

தலைமை உபாத்தியாயர் அந்தத் தோணிக்காரருக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். "ஆத்துமாவுக்குப் பூசை! இன்னும் எந்தக் காலத்துல கெடக்கானுவ, பாத்தீரா வே?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எங்கள் புராட்டஸ்டண்டு சபையில், பாவம் தீரும்வரை ஆத்துமா கிடந்து வேகும் உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று கிடையாது. செத்தவன் போக வேண்டிய இடத்துக்கு நேரே போய்விடுவான். அவனுக்காகக் காத்துக்கொண்டு அழுவது, திரி ஏற்றுவது, பூசை கொடுப்பது எல்லாம் படிக்காத ஜனங்களின் மூடத்தனம் என்று சின்ன வயது முதல் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாங்களும் வகுப்பில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தோம்.

கப்பலின் ஏணியில் ஏறி மேல்தளத்தில் கால் வைத்ததும் எதிரே ஒரு வெள்ளைக்காரன் நின்றான். வெள்ளைக் கோட்டு, பளபளக்கும் பித்தளைப் பொத்தான், கையில் மடித்துப் போட்ட துண்டு. அவ்வளவுதான். தலைமை உபாத்தியாயர் பாய்ந்து போய் மாலையைப் போட்டார். எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். நான்கு பக்க வாழ்த்துப் பத்திரத்தை எடுத்து, கருணைக் கடலே, நீதியின் தூணே என்று தொடங்கி கால் மணி நேரம் வாசித்தார். அந்த மனுஷன் முகம் சிவந்துபோய் அசையாமல் நின்றான். சுற்றி நின்ற மாலுமிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவன்.

விஷயம் தெரிந்ததும் எந்த மானமுள்ளவனும் கடலில் குதித்திருப்பான். எங்களவர் என் காதோரம் குனிந்தார். "வே, நிசத் தொரை அங்கன வாராரு. நீரு பைய போயி அந்த மாலையைத் திருப்பி வாங்கிட்டு வாரும்."

ஆகவே, அந்தக் கப்பலில் நான் பேசிய முதல் இங்கிலீஷ் வாக்கியம் 'தயவுசெய்து மாலையைத் திருப்பிக் கொடுங்கள்' என்பது. பழத்தை அவன் கொடுக்கவில்லை. அதை அதற்குள் கடித்திருந்தான்.

அதே மாலை நிஜ துரையின் கழுத்தில் விழுந்தது. அதே பத்திரம் முதலிலிருந்து வாசிக்கப்பட்டது. அவர் பொறுமையான மனிதர், எங்களைத் தாமே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். தளத்தில் ஓரிடத்தில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தது. எப்போதோ நடந்த சண்டையில் இந்தக் கப்பலின் தலைவர் அந்த இடத்தில்தான் குண்டுபட்டு விழுந்தாராம். தலைமை உபாத்தியாயர் தலைப்பாகையைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்களும் தலையைக் குனிந்து நின்றோம். எங்கள் பாட்டன் பிறக்கும் முன்னே செத்துப்போன, பெயரைக்கூட உச்சரிக்கத் தெரியாத ஒரு மனிதனுக்காக ஐந்து பேர் அழாத குறையாக நின்றோம். தோணியில் சிரித்த சிரிப்பு எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிறகு பெரிய பீரங்கி ஒன்றின் பக்கத்தில் நின்று, கேள்வி ஏதாவது உண்டா என்றார் துரை. நான் முன்னால் வந்து, பீரங்கியின் நீளம் என்ன என்று கேட்டேன். ஒரு பிசகு இல்லாமல் வந்தது வாக்கியம். பதிமூன்று அடி நான்கு அங்குலம் என்றார். குறித்துக்கொள்ளப் பையில் கையை விட்டேன். அகப்பட்டது அந்தச் சீட்டுத்தான். அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

"வேறு ஏதாவது?" என்று துரை என் முகத்தைப் பார்த்தே கேட்டார். சீட்டு கையில் இருக்கிறது. திருப்பிக் காட்டினால் போதும். ஆனால் கரி அள்ளிப் போடுகிறவனுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நெட்டுருப் போட்ட மூன்று கேள்விகளில் அது இல்லை. தலைமை உபாத்தியாயர் வேறு பின்னாலிருந்து, "அந்தக் கத்தோலிக்கன் சமாச்சாரத்தை இங்கன எடுக்காதீரும்" என்று முணுமுணுத்தார். அவர் சொல்லாவிட்டாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். இலக்கணப் பிழை வந்துவிடுமே என்ற பயம். வேறொன்றுமில்லை, நன்றி ஐயா என்றேன்.

இறங்கித் தோணியில் கால் வைத்ததும் தோணிக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"சீட்டக் காட்டினியளாய்யா?"

மறந்துவிட்டது என்று சொல்லத்தான் சீட்டை வெளியே எடுத்தேன். அவர் அதை வாங்கிப் புரட்டினார். காலையில் வெறுமையாக இருந்த பக்கத்தில் இப்போது எழுத்து இருந்தது. அவர் முகம் மாறிய விதத்தை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது.

"தொரை எழுதிக் குடுத்தாவளா?"

நான்கு உபாத்தியாயர்களும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன்.

"என்னன்னு எழுதியிருக்காவ?"

"இருக்கானாம். சுகமா இருக்கானாம்."

அந்த மனுஷன் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டப்பாவில் வைத்து மூடினார். கரை வரைக்கும் பாடிக்கொண்டே தோணி ஓட்டினார். திரும்பும்போதும் எனக்குக் குமட்டியது. அவர் மறுபடியும் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

ரயிலில் தலைமை உபாத்தியாயர், "நல்லாச் சமாளிச்சீரு வே" என்று முதுகில் தட்டினார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. வெட்கக்கேடு, இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தேன். கடற்கரையில் பின்னாலிருந்து யாரோ, "ஐயா, ஐயா" என்று ஓடிவந்தார்கள். அந்தத் தோணிக்காரர்தான். தலை நரைத்திருந்தது.

"ஆளு ஒருத்தன் கொழும்புல இருந்து வந்தான்யா. தம்பி செத்து மூணு வருசம் ஆச்சாம். காய்ச்சல்ல செத்து, கடல்லயே எறக்கிட்டாவளாம். நீங்க அந்தக் கப்பலப் பாக்க வந்தியள்லா, அதுக்கு முந்தியே."

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவன் இருக்கான்னு நம்பி ரெண்டு திருநாளுக்குப் பூசை குடுக்கல. அம்மை அவன் வருவான் வருவான்னு சொல்லிக்கிட்டே போன வருசம் போயிட்டா. இந்த வருசந்தான் ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுத்தோம்." இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்தார். "ஏன்யா, அவ்வளவு பெரிய தொரை, கைப்பட எழுதிக் குடுத்தாரே. பொய் எழுதுவாரா?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. அதற்கு இங்கிலீஷ் தேவையில்லை, இலக்கணம் தேவையில்லை.

"வெள்ளக்காரன் நம்மள எங்க வே மனுசனா மதிச்சான்?" என்றேன்.

"அதுஞ் சரிதான்" என்றார் அவர். "நீங்க என்னய்யா செய்வீய. எங்களுக்காக அவ்வளவு பெரிய மனுசங்கிட்டப் போயிக் கேட்டியளே." சீட்டை என் கையில் வைத்தார். "இது இனி எங்க வீட்டுல எதுக்கு? நீங்களே வச்சுக்கிடுங்க."

அவர் போனபிறகு பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒரு கப்பலின் பெயர். மறுபக்கம் பதிமூன்று அடி நான்கு அங்குலம், என் கையெழுத்தில்.