இரும்புச்சத்துக் குளிசை

முதலில் வந்தது அக்கி. இடது விலாவைச் சுற்றி நெருப்பாக எரியும் கொப்புளங்கள். ஜெர்மனியில், ஹம் நகரில் எங்கள் குடும்ப டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்.

எனக்கு டொச் (ஜெர்மன் மொழி) அவ்வளவாக வராது. ஒவ்வொரு டெர்மினுக்கும் (டொக்டரைப் பார்க்கக் குறித்த நேரம்) கணவர் லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தார். கொடுத்துவைத்தவள் என்றார்கள் தெரிந்தவர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டொக்டர் நெடுநேரம் பேசினார். கணவர் சுருக்கமாகச் சொன்னார்: “உமக்கு இரத்தம் குறைவாம். ஒவ்வொரு நாளும் இரும்புச்சத்துக் குளிசை போட வேணுமாம்.”

மூன்று வருடம் விழுங்கினேன். காலைத் தேத்தண்ணீரோடு அவரே எடுத்துத் தருவார். பெட்டியில் எழுதியிருந்ததை நான் வாசித்ததே இல்லை.

பிறகு மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு பெண் டொக்டர் வந்தார். குடும்பத்தவர் மொழிபெயர்ப்பது அவருக்குப் பிடிக்காது. கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்.

“அக்கா, எச்.ஐ.வி.க்குப் போடுற குளிசை வயித்துக்கு ஏதும் செய்யுதோ எண்டு டொக்டர் கேக்கிறா.”

“ஆருக்கு எச்.ஐ.வி.?”

அந்தப் பெண் டொக்டரிடம் டொச்சில் ஏதோ கேட்டுவிட்டுச் சொன்னாள்: “உங்களுக்குத்தான் அக்கா.”

வெளியே வந்து கணவரைக் கேட்டேன். என்னைப் பயப்படுத்தக் கூடாது என்றுதான் சொல்லவில்லையாம். நான் தொடங்குவதற்கு ஏழு மாதம் முன்பிருந்தே அவனும் அதே குளிசையை வேலையிடத்தில் ஒளித்துவைத்துப் போட்டுவந்திருக்கிறான். ஆம், இனி ‘அவர்’ இல்லை, அவன்தான். எவளிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கவே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குளிசைகளைக் கழிவறையில் கொட்டினேன். அவன் கை பட்ட எதுவும் என் வாய்க்குள் போகக் கூடாது. மூன்று கிழமை (வாரம்) போடவில்லை. வைரஸ் அளவு (இரத்தத்தில் உள்ள கிருமிகளின் எண்ணிக்கை) மறுபடி ஏறியது. இதை வாசிக்கும் நீங்கள் அந்த மடத்தனத்தைச் செய்யாதீர்கள். புருஷன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் டெர்மினுக்கு வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

அடுத்த டெர்மினில் டொக்டர் சொன்னதை அதே தொலைபேசிக் குரல் தமிழில் சொன்னது: “அந்த மனுசனை வேண்டாமெண்டா வீட்டை விட்டு அனுப்புங்கோ. குளிசையை விடாதேங்கோ.”

அனுப்பினேன். இப்போது மத்தியானம், வேலையிடத்தில், நானே எடுத்துப் போடுகிறேன். நாக்கில் வைத்ததும் ஓங்காளம் வரும். விழுங்கிவிடுவேன்.

கிருமி இப்போது பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. குளிசையை விடாதவரை உடலுறவில் என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது, மற்றவர்களைப் போல் வயதாகும்வரை இருப்பேன் என்கிறார் டொக்டர். சந்தோஷம்தான். ஆனால் என் உடம்பு எனக்குத் தெரியாமலே நோயாளியாகி, எனக்குத் தெரியாமலே தேறியிருக்கிறது. அந்த மூன்று வருடத்தை என் வயதில் சேர்ப்பதா என்றுகூடத் தெரியவில்லை.

ஒன்றும் தெரியாத அந்த மூன்று வருடத்தில் ஒரு காலை, குளிசையை விழுங்கிவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன்: “நீங்கள் இல்லாட்டி நான் செத்திருப்பன்.”

அவன் ஓம் என்று தலையாட்டினான்.