அட்டைப்பெட்டியில் அண்ணன்

எங்கள் வீட்டில் அண்ணனுக்கு இருந்த ஒரே படம், பனியன் பெட்டிமேல் ஒட்டுகிற லேபிள்தான். அதில் கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நிற்பான். ஸ்டுடியோக்காரர் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாராம். தும்மல் வரப்போகிறவன் மாதிரி இருப்பான்.

நானும் அவனும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவன் துணி மூட்டைகளைச் சாயப்பட்டறைக்குத் தூக்குவான். நான் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவேன். புது லேபிளுக்கு முதலாளி ஆள் தேடியபோது, தோள் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்று அவனுக்கு மட்டும்தான் இருந்தது. கூலியாக அதே பனியனைக் கொடுத்தார். கொஞ்ச நாள் தலையைச் சீவிச் சீவித் திரிந்தான். பிறகு, நெஞ்சை விரிக்கப் பழகியாகிவிட்டது, வீணாக்குவானேன் என்று, கோயமுத்தூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த இடத்திலும் போய் விரித்துக் காட்டினான். எடுத்துக்கொண்டார்கள்.

வடக்கே எல்லையில், மலைப்பாதையில் பட்டாள லாரி உருண்டு செத்துப்போனான். தந்தி வந்தது. உடம்பு வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள். லாரி உருண்டு செத்தான் என்பது ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. டீக்கடைப் பேச்சில் முதல் நாள் ஓர் எதிரியைச் சுட்டுவிட்டுச் செத்தான். கருமாதிக்குள் ஒரு கூட்டத்தையே சுட்டிருந்தான். துக்கம் விசாரிக்க வந்த தாலுகா ஆபீஸ் அதிகாரி, மாலையும் கையுமாக, சுவரில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்துத் தயங்கினார்.

"யூனிபார்ம்ல ஒரு படம் இல்லீங்களா?"

"லீவுல வர்றப்ப எடுக்கறேன்னு சொல்லியிருந்தானுங்க" என்றாள் அம்மா. பனியனுக்கே மாலை விழுந்தது.

கருமாதி முடிந்து வேலைக்குப் போனேன். லேபிளின் பின்பக்கம் மைதாப் பசை தடவி, பெட்டியில் வைத்து, காற்றுக் குமிழ் நிற்காமல் உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முகத்தில்தான் குமிழ் நிற்கும். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு தேய்த்தேன். படங்கள் கோணிக்கொண்டு போயின. மேஸ்திரி திட்டவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

முதலாளி கூப்பிட்டார். "அம்மிணி, இந்த லேபிளை நிறுத்திடறேன். உனக்கும் சங்கடம். செத்தவன் படம்னு தெரிஞ்சா வாங்கறவனும் யோசிப்பான். மயில் படம் போட்டுக்கலாம்."

இரண்டாவதாகச் சொன்னதுதான் முதல் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. இனி அவன் முகத்தைத் தேய்க்க வேண்டாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோறு போட்டாள்.

மறுநாள் காலையில் என்னோடு கம்பெனிக்கே வந்துவிட்டாள். முதலாளி நாற்காலி போடச் சொன்னார். உட்காரவில்லை.

"ஏனுங்க, மயில் வேண்டாமுங்க. எம்பையன் போனது இந்த ஊருக்குத்தானுங்க தெரியும். உங்க சரக்கு போற மத்த ஊர்ல எல்லாம் அவன் நல்லாத்தானுங்க இருக்கறான். அங்கயாச்சும் இருந்துட்டுப் போகட்டுமுங்க."

முதலாளி மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் உள்ளூருக்கு மயில், வெளியூர்ச் சரக்குக்கு அவனே என்று முடிவானது. வியாபாரத்தில் அந்த மனிதர் செய்த ஒரே அசட்டுக் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் அம்மாவை நிறுத்தினேன்.

"நீ பாட்டுக்குச் சொல்லிப்போட்டுப் போயிருவ. தெனமும் ஒட்டறவ நாந்தானேம்மா? என்னால முடியலை."

அம்மா என் கையைப் பிடித்து, விரலிடுக்கில் காய்ந்திருந்த பழைய பசையை நகத்தால் சுரண்டினாள்.

"வேற யாராச்சும் ஒட்டுனா, அவன் மூஞ்சியப் பதனமாத் தொடுவாங்களா கண்ணு?"