சத்தமில்லாத மறுப்பு

என் கணினித் திரையின் மேல் மூலையில் இப்போதும் ஒரு சின்னப் பெட்டி எட்டிப்பார்க்கிறது. அனுமதி மறுக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தானே மறைகிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன. வளைகுடாவில், ரூவியில் நான் முதலாளியின் செயலாளராக இருக்கும் சரக்குக் கம்பெனிக்கு இதைக் கொண்டுவந்தவர் அண்ணாச்சி. கோவில்பட்டிக்காரர், கம்பெனிக் கணினிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டு, எந்த மென்பொருள் எந்த இடத்தைத் தொடலாம் என்று விதி எழுதிவைத்தார். விதியில் இல்லாததைத் தொட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும், நின்ற சேதி பெட்டியாக வரும். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பற்றிப் பேசாத நேரமெல்லாம் அவர் இந்த விதிகளைப் பற்றித்தான் பேசுவார்.

ஒருநாள் வெளியூர் வியாபாரிகளுக்கு முதலாளி சுவர்த்திரையில் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவே வரிசையாகப் பெட்டிகள் வந்து விழுந்தன. வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "யே சப் பந்த் கரோ, கலாஸ்!" என்று, இதையெல்லாம் உடனே நிறுத்தச் சொல்லி அண்ணாச்சியிடம் கத்தினார். அன்றே எல்லாக் கணினிகளிலும் பெட்டி நின்றுபோனது.

"பூட்டு அப்பிடியேதாம்மா இருக்கு, சத்தந்தான் இல்ல. மறுத்ததெல்லாம் லாக்ல பதிஞ்சிருக்கும், காலைல வந்ததும் எடுத்துப் படிச்சிருவேன்" என்றார் அண்ணாச்சி. எங்கே படிப்பது? முதலாளி வீட்டு வைஃபை, அவர் மகனின் வீடியோ கேம், மைத்துனர் வீட்டுக் கேமரா என்று காலையிலேயே "யல்லா, கிளம்பு" சொல்லி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். கல்ஃபில் கணினி தெரிந்தவன் கம்பெனிக்கு மட்டும் வேலை பார்த்தால் போதாது.

அந்த அலைச்சலில்தான் கணக்குகளை நகலெடுக்க ஒரு புது டிஸ்க் மாட்டினார். விதியில் அதைச் சேர்க்க விட்டுப்போயிற்று. ஒவ்வொரு முறையும் நகல் மறுக்கப்பட்டது, சொல்லத்தான் பெட்டி இல்லை. கணக்கெல்லாம் இருந்த சர்வர் படுத்த அன்று அந்த டிஸ்க்கைத் திறந்தால், கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி காலி.

"பெட்டியை நிறுத்தச் சொன்னது நீங்கள்தானே" என்று, அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டிருந்த முதலாளியிடம் நான் வாயைத் திறந்துவிட்டேன். "பெட்டியைத்தான் நிறுத்தச் சொன்னேன், நகலையுமா நிறுத்தச் சொன்னேன்?" என்று முதலாளி நிதானமாக இந்தியில் கேட்டார். அன்றே அண்ணாச்சியை வேலையைவிட்டு நீக்கினார். புதிதாக வந்த ஆளை வைத்துப் பெட்டியை மறுபடி வரவைத்தார்.

அண்ணாச்சி வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. "பிள்ளைக்குப் பரீச்ச முடியுத வரைக்கும் விசாவ மட்டும் வச்சிருக்கச் சொல்லும்மா. பொறவு நாங்களே போயிருதோம்" என்றார். அவர் விசாவில்தான் மனைவியும் மகளும் இருந்தார்கள். அது போனால் மூவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் உள்ளே போய்க் கேட்டேன். கெஞ்சியும் பார்த்தேன். "மாஃபி, முடியாது" என்றார் முதலாளி, போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அதைச் சொல்லத்தான் சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, அப்பா எனக்காக லீவ் போட்டிருக்காங்க! டெய்லி டெஸ்ட் வைக்கிறாங்க, தெரியுமா?"

அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. பின்னால் பிசிக்ஸ் புத்தகத்தோடு நின்ற அண்ணாச்சி என் முகத்தையே பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் மெல்லத் தலையாட்டினார்.

"வாம்மா, அடுத்த கேள்விக்குப் போவோம்" என்று மகளைக் கூப்பிட்டார்.