உட்கார்ந்த உயரம்

எங்கள் ஊர் யோங் பெங்கில் நான் விற்றுக் கொடுத்த வீடுகளில் பேய் இருப்பதாகப் பேர் வாங்கிய வீடு உண்டு. மழை பெய்தால் சமையலறைக்குள் தண்ணீர் வரும் வீடு உண்டு. அவையெல்லாம் எப்படியோ கைமாறிவிட்டன. மரியநாதன் அங்கிளின் வீடு மட்டும் ஒரு வருடத்துக்கு மேலாக என் கழுத்தில் தொங்கியது. வரிசையின் கடைசி வீடு, பக்கத்தில் கொஞ்சம் நிலம், கூரையில் ஓர் ஓட்டை கிடையாது. ஃபோனில் படம் போட்ட அன்றே ஆட்கள் கூப்பிடுவார்கள். சனி ஞாயிறுகளில் வாசலில் கார் நிற்கும். சீனர்கள் வந்தார்கள், மலாய்க்காரர்கள் வந்தார்கள், நம்மவர்களும் வந்தார்கள். எல்லாரும் சிரித்த முகத்தோடு உள்ளே போவார்கள், சிறிது நேரத்தில் எதையோ தொலைத்தவர்கள் போல வெளியே வருவார்கள்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. யோசிச்சுச் சொல்றோம்" என்பார்கள்.

வீட்டு ஏஜண்டாக இத்தனை காலம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியவள் நான். யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் யோசித்ததும் இல்லை, சொன்னதும் இல்லை.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. அந்த வீட்டில் நின்றுகொண்டு எதையும் செய்ய முடியாது. விளக்கு சுவிட்சுகள் இடுப்புக்குக் கீழே இருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டி தொடை உயரம், அடுப்பு மேடையும் அதே உயரம். குளியலறைக் கண்ணாடியில் என் வயிறு தெரியும், முகம் தெரியாது. மாதா சுரூபம் வைத்திருக்கும் பலகைகூடத் தாழ்வுதான். பங்குச் சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தபோது முழங்காலிட்டால்தான் மெழுகுவர்த்தி கைக்கு எட்டியதாம். அங்கிள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எல்லாம் வலேரியின் உயரம். அவருடைய மகள், பிறவியிலேயே காலில் பலமில்லாதவள்.

மரியநாதன் பாலோ ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிப் பிழைத்தவர். முன்கோபக்காரர். ரோட்டில் முந்தப் பார்க்கும் காரை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவார். மனைவி கத்தரின் அதற்கு நேர்மாறு, சத்தமே வராது. இந்த வீட்டை வாங்கியபோது வலேரி பள்ளிக்கூடப் பிள்ளை. மகளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, "கைய நீட்டுமா" என்று சொல்லி, அவள் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டாராம். சுவிட்சும் தொட்டியும் மேடையும் கோடு போட்ட இடத்திலேயே வந்தன. வாசற்படிகளை உடைத்துச் சரிவாக்கினார். லாரி ஓட்டாத நாளெல்லாம் சிமெண்டும் கரண்டியுமாக அவரே செய்த வேலை.

"பொண்ணுக்கு ஒரு பக்கம் தாழ்வா வெச்சா போதாதா, மத்தத அப்படியே விட்டிருக்கலாம்ல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு உயரமா? அவளுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா?" என்று என் மேல் பாய்ந்தார். "எல்லாரும் ஒக்காந்து செய்வோம்னு கத்தரின்தான் சொன்னா."

அப்படியே செய்தார்கள். கத்தரின் முக்காலியில் உட்கார்ந்து சமைத்தாள். அங்கிள் முக்காலியில் உட்கார்ந்து சவரம் செய்தார். மகன் ஆலன் உட்கார்ந்துதான் பல் துலக்கி வளர்ந்தான். வலேரி பெரியவளாகி, சிங்கப்பூர் பார்சல் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே ஃபோனில் பதில் சொல்லும் வேலை பார்த்தாள். பார்சல் வரவில்லை என்று கத்துகிறவர்களை ஆங்கிலத்திலும் மலாயிலும் தேன் ஒழுகச் சமாதானப்படுத்திவிட்டு, ஃபோனை வைத்ததும் அப்பாவின் லாரி பாஷையில் திட்டுவாளாம். அவள் போட்ட டீயைக் குடிக்காமல் அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே போக முடியாதாம். அவளை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எனக்குப் பிடித்திருக்கும்.

முதலில் கத்தரின் போனாள். பிறகு ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டி வலேரியும் போனாள். அங்கிள் தனியாக, தாழ்ந்த அடுப்பின் முன்னால் முக்காலி போட்டு ஒரு கைப்பிடி அரிசி பொங்கிக்கொண்டிருந்தார்.

ஆலன் மனைவி மக்களோடு மாசாய் பக்கம் இருக்கிறான். விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு வருகிறவன். அங்கிளுக்கு அடிக்கடி தலை சுற்றும். ஒரு நாள் குளியலறையில் விழுந்து, மறுநாள் காலைவரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அன்றிலிருந்து ஆலனுக்கு நிம்மதி போயிற்று. அப்பா தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான். அங்கிள் ஒரு நிபந்தனை போட்டார். வீடு விற்கட்டும், வருகிறேன். ஆனால் வாங்குகிறவர் எதையும் உடைக்கக் கூடாது.

"உடைக்காதவங்ககிட்டதான் குடுப்பேன்" என்றார். "இந்த மாதிரி வீடு தேவைப்படுற ஆளு ஒலகத்துல ஒருத்தர்கூடவா இல்லாம போயிடுவாங்க?"

அப்படி ஒருவர் வருவார் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்குக் காவலாகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். நானோ ஒவ்வொரு முறையும், இவர் திறக்காமல் போய்விட்டால் என்று, திறக்கும்வரை கதவைத் தட்டிக்கொண்டே நிற்பேன்.

இப்படி ஒரு வீட்டைப் பார்க்க ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. படங்களை ஃபோனில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சமையலறை அழகாக இருந்தது. மேடை சரியான உயரம், சுவிட்ச் சரியான உயரம், கூரை எங்கேயோ உயரத்தில். படம் எடுத்தவர் அங்கிள். எப்படி எடுத்தார் என்று கேட்டேன்.

"எப்படின்னா? முக்காலில ஒக்காந்துதான். நின்னுகிட்டு யாரு இந்த வீட்டப் பார்ப்பா?"

அலமாக்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உட்கார்ந்தவர் கண்ணால் பார்த்தால் அது ஓர் அருமையான வீடு. வருகிறவர்கள் காரிலிருந்து இறங்கி நின்ற காலோடு உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். குனிகிறார்கள், முதுகைப் பிடிக்கிறார்கள், வெளியேறுகிறார்கள்.

ஆலன் என்னிடம் கத்தினான். "அக்கா, அப்பாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்காதீங்கலா. ஆள வெச்சு ஒடைச்சு நார்மலா கட்டிடலாம். அவர் செத்துக் கெடந்தா வாசனை வந்துதான் எனக்குத் தெரியணுமா?" சொல்லிவிட்டு அவனே அழுதான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொந்தியானிலிருந்து மதிவாணன் என்பவர் வந்தார். இங்குள்ள தொழிற்சாலைக்கு மாற்றலாகி வருகிறவர். கூடவே மனைவி. காரின் பின்சீட்டில் அவருடைய அம்மா பேச்சியம்மாள். சர்க்கரை வியாதியில் ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அம்மாவைக் காரிலேயே விடத்தான் பார்த்தார்கள். வெயில் பொறுக்காமல் சக்கர நாற்காலியில் இறக்கினார்கள்.

நாற்காலி வாசலில் எங்கும் இடிக்காமல் உள்ளே போனது.

"படியே இல்லையே" என்றார் அந்த அம்மா.

மகனின் கையை விலக்கிவிட்டு, தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கூடத்தைக் கடந்தார். சுவிட்சைத் தட்டினார். விசிறி சுற்றியது. அணைத்தார், மறுபடியும் போட்டார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார், முகம் கழுவினார், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். அங்கிள் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"அடுப்பு பத்த வெக்கலாமா, தம்பி?" என்று கேட்டார் பேச்சியம்மாள். அறுபதைத் தாண்டிய தம்பி டீத்தூள் டின்னை எடுத்துக் கொடுத்தார்.

அந்த அம்மா எல்லாருக்கும் டீ போட்டார். சீனி கூடுதல், எனக்குத் திகட்டியது. இருந்தும் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

"கால் போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான் நாலு பேருக்கு என் கையால ஒரு வாய் தண்ணி குடுக்குறேன்" என்றார். அங்கிள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதிவாணனும் மனைவியும் நின்றபடியே குடித்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

கார் கிளம்பியதும் அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ராணி, அவங்க என்ன வெல கேட்டாலும் சரின்னுடு. ஒரு பேச்சும் பேசாத. டீ டின்ன நான் இங்கயே வெச்சிட்டுப் போயிடுறேன்."

அன்று மாலையே பெட்டி கட்டத் தொடங்கினார். ஆலனுக்கு ஃபோன் போட்டு, வருகிறேன் என்றார். வலேரியின் துணிகளைக்கூட எடுத்து மாதா கோயிலில் கொடுத்துவிட்டார். ஒன்றரை வருடமாக யாரையும் தொட விடாத துணிகள்.

மதிவாணன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. விடாமல் கூப்பிட்டதில் கடைசியாக ஒரு நாள் பேசினார்.

"வீட்டுல ஒண்ணும் குறை இல்ல அக்கா. அம்மாவுக்கு க்ளுவாங் பக்கம் ஒரு முதியோர் ஹோம்ல எடம் பார்த்துட்டோம், அடுத்த மாசம் போறாங்க. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, யாரு பார்க்குறது? அன்னைக்கு வீட்டுல விட்டுட்டு வர ஆள் இல்லன்னுதான் கூட்டிட்டு வந்தோம். வந்ததுலேர்ந்து அந்த வீடு அந்த வீடுன்னு ஒரே பேச்சு. கூட்டிட்டு வந்ததே தப்பாப் போச்சு."

"அவங்க போட்ட டீயக் குடிச்சீங்கல்ல?" என்று கேட்டுவிட்டேன். ஃபோனை வைத்துவிட்டார். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கலாம். அன்று அதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, இன்றும் முழுதாக வரவில்லை.

அங்கிளிடம் சொல்லப் போனேன். கண்ணாடி முன் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். சொல்லி முடித்தேன். பாதி முகத்தில் நுரையோடு அப்படியே இருந்தார்.

"ஹோமா?" என்றார். பிறகு, "அங்க சுவிட்ச் எல்லாம் எந்த ஒயரத்துல இருக்கும், ராணி?"

துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம்.

மிச்ச முகத்தையும் மழித்துத் துடைத்துக்கொண்டார். "ஆலன வரச் சொல்லு. ஒடைச்சுக்கட்டும். தேவைப்படுற ஆளுக்கே குடுக்க மாட்டேங்குறாங்க, நான் யாருக்காக வெச்சிக் காத்துக்கிட்டு இருக்கேன்? நான் இல்லாதப்போ ஒடைக்கச் சொல்லு."

அவரை மாசாய்க்கு அழைத்துப் போன பிறகு ஆட்கள் வந்தார்கள். மேடையை இடித்து உயர்த்தினார்கள், தொட்டியை மாற்றினார்கள், சுவிட்சுகளைப் பிடுங்கி மேலே வைத்துப் பழைய குழிகளைப் பூசி வெள்ளையடித்தார்கள். வாசலில் படிகூட வைத்துவிட்டார்கள். இந்தத் தடவை படத்தை நான் எடுத்தேன், நின்றுகொண்டு. முதல் வாரக் கடைசியில் வந்த சின்ன வயது ஜோடி ஒன்று அங்கேயே பேசி முடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

சாவி ஒப்படைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அங்கிள் கேட்டார். ஆலன் அழைத்து வந்தான். மாலை நாலு மணிதான், ஆனால் மழை கட்டி வானம் இருட்டியிருந்தது. ஆலன் காரிலேயே இருந்துவிட்டான். புதுப்படியில் கால் இடறி, என் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கிள் உள்ளே நுழைந்தார். கூடம் இருட்டாக இருந்தது. விளக்கைப் போட அவர் கை தானாகக் கீழே போயிற்று. இடுப்புக்குக் கீழே சுவரைத் தடவினார். இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவினார். இரண்டு கையாலும் தடவினார்.

"எங்கேம்மா அது? காணோமே" என்றார், குழந்தை மாதிரி.

நான் மேலே கை நீட்டி விளக்கைப் போட்டேன். அவர் என் கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பூசிய இடம் மட்டும் மற்ற சுவரைவிட வெள்ளையாக இருந்தது. அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"வலேரியோட சவப்பெட்டிய எறக்கினப்பகூட எனக்கு அப்படித் தோணல, ராணி. வீட்டுக்கு வந்து வெளக்கப் போட்டா அவ உள்ள இருக்குற மாதிரியே இருந்துச்சு. இப்பதான் என் புள்ள செத்துப் போயிட்டா."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆலன் ஹாரன் அடித்தான். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.